மிச்சவெட்டு

மார்ச் 3

தம்பிக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். நீ எழுதிய பதினோரு கடிதங்களும் என் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன. என்னை எழுத வைத்தவை அவை அல்ல. போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இணைப்பில் வந்த உன் கட்டுரை. சிறைக்கு வந்து எழுத்துப் பயிற்சி கொடுக்கும் ஓர் ஆசிரியை, மிகவும் நேசித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னாராம். ஒருவன் அம்மாவை எழுதினான், ஒருவன் ஓட்டிய லாரியை எழுதினான். நீ பந்து வீசிப் பிராணி பிடித்து வளர்க்கும் அந்த ஜப்பான் வீடியோ விளையாட்டை எழுதினாய். உன் பெயரைப் போடவில்லை. 'தந்தையைக் கொன்ற குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவிப்பவர்' என்று மட்டும் கீழே அச்சிட்டிருந்தார்கள்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டச்சு செய்யும் பெண் அதை உரக்கப் படித்தாள். எட்டுப் பேர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "பாவம், மனச உருக்குற மாதிரி எழுதியிருக்கான்" என்றாள். "பெத்தவன அடிச்சே கொன்னவனுக்கு என்னம்மா பாவம்" என்றார் பக்கத்து மேசைக்காரர். என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன்.

நீ எழுதியதில் பொய் இருக்கிறது. முதலில் ஓட்டான். முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு மூக்கால் தண்ணீர் பீய்ச்சும் அந்தப் பிராணியை நீ பிடித்ததாக எழுதியிருக்கிறாய். மூன்று நாள் அந்தப் புல்வெளியில் அலைந்து, நாற்பது பந்து வீசி அதைப் பிடித்தவன் நான். எனக்கு அப்போது பதினாறு வயது, உனக்குப் பதினொன்று. வேறொருவர் கைக்கு மாறினால்தான் அது வளரும் என்று நீதான் பழைய சாமான் கடையில் கேட்டு வந்து சொன்னாய். உன் விளையாட்டுப் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் நடுவே வயரைச் செருகினோம். உன் திரையில் ஓடு பிளந்து கொம்பு முளைத்தது. அதைத் திருப்பி அனுப்புவதற்குள் அப்பா வந்துவிட்டார். என் பெட்டியைத் தரையில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார். எடுக்கப் போன என் கையும் காலடியில் சிக்கியது. இடது சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. உன் பெட்டி உன் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது, ஓட்டானோடு. அது என்னிடம் திரும்பி வரவே இல்லை. இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த பொய் இதைவிடப் பெரியது. 'பிராணியைக் கொல்லாதே, நூலளவு உயிரை மிச்சம் வை, அப்போதுதான் அது உன்னோடு வரும் என்று என் அண்ணன் சொல்லிக்கொடுத்தான்.' யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது? திரையிலிருந்த ஜப்பானிய எழுத்து நம் இருவருக்கும் புரியாது. மூன்றாவது வரியில் இருக்கும் அந்த அடியை எத்தனை முறை போட்டாலும் எதிரி சாகாது, சிவப்புக் கோட்டில் நின்றுவிடும் என்று கண்டுபிடித்து, நோட்டில் படம் வரைந்து, மிச்சவெட்டு என்று பெயர் வைத்தவன் நீ. நான் அந்த அடியைத் தொட்டதே இல்லை. என்னுடையவை எல்லாம் கொன்று கொன்று வளர்ந்தவை.

என்னை இரக்கமுள்ளவனாக்கி ஊருக்குக் காட்டும் வேலை உனக்கு எதற்கு?

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடிதத்தைப் புரட்டிவிட்டு முத்திரை குத்திக் கொடுத்த வார்டர், "யாருய்யா இந்த ஓட்டான், பங்காளியா, ஏதாவது சொத்துத் தகராறா?" என்று கேட்டார். ஆமாம் சார், முப்பது வருஷமாக வழக்கு நடக்கிறது என்றேன்.

ஓட்டான் உன்னுடையதுதான். ஆனால் எதற்குள் திருப்பி அனுப்புவது? உன் பெட்டிதான் தூள்தூளாகிவிட்டதே. நான் ரிப்பேர் கடை வைத்த முதல் வருஷமே ஒரு பெட்டி சரிசெய்து கொண்டுவந்தேன். "நான் கல்யாணம் ஆனவன்டா, எடுத்துட்டுப் போ" என்றாய். அண்ணி சாட்சி.

ஆசிரியையும் கேட்டார், அந்த விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று. அழகான பிராணிகள், பாட்டு, புல்வெளி என்றெல்லாம் அவருக்குச் சொன்னேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். அதில் அடி வரும் முன்னால் உன்னிடம் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று தெரியும். அடித்த பிறகு எவ்வளவு போயிற்று என்று தெரியும்; உயிர்க்கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இறங்கும். எதிராளி ஒரு அடி அடித்துவிட்டு உன் முறைக்காக நிற்பான். நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் நின்றுகொண்டே இருப்பான். நம் வீட்டில் யார் அப்படி நின்றார்கள்? வாசல் பூட்டில் சாவி திரும்புகிற வேகத்தை வைத்து இன்றைக்கு பெல்ட்டா கையா என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னும் அந்தக் கணக்கு எனக்குப் போகவில்லை. போன வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒருவன் இன்னொருவனின் தாடையைத் தட்டால் அடித்து உடைத்தான். மூன்று பல் என் காலடியில் வந்து விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் விழுந்தவனின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளில்தான் இருந்தான். தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான் பார், அப்போது சிவப்புக்கு வந்துவிட்டான். உடனே போய் அடித்தவனை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டேன். என் முழங்கையைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டான். ஏழு தையல். நன்னடத்தை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் இருபதாம் தேதி விடுதலைக் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மனம் திருந்தியவன் என்று தோன்றினால் விட்டுவிடுவார்களாம். பாப்பாவிடம் சொல்லாதே, சித்தப்பா வருவார் என்று காத்திருப்பாள். கிடைக்கவில்லை என்றால் வீணாக.

உன் தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

உன் பதினோரு கடிதங்களையும் பிரித்துப் படித்தேன். எல்லாவற்றிலும் அதே கேள்விகள்தான். பாப்பா எப்படி இருக்கிறாள், அண்ணி எப்படி இருக்கிறார், உனக்கு முதுகுவலி தேவலையா. என் மேல் கோபம் என்று ஒரு வரி இல்லை. நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் ஒன்பது வருடத்துக்கு முன்பே பதில் போட்டிருப்பேன்.

இன்றைக்கு பெல்ட்டா கையா என்று 'நாம்' கணக்குப் போட்டதாக எழுதியிருக்கிறாய். உன்னை அடிக்கும்போது அப்பா பெல்ட்டின் தோல் பக்கத்தால் அடிப்பார். என்னை அடிக்கும்போது கொக்கிப் பக்கத்தால். நீ கவனித்ததே இல்லை. உன் முதுகு வழுவழுவென்று இருக்கும். என் முதுகில் பதினான்கு தழும்பு இருக்கிறது; உன் அண்ணி எண்ணியிருக்கிறாள். ஒருமுறை கொக்கியின் முள் தோள்பட்டைக்குள் போய் ஒடிந்துகொண்டது. "பெரிய படிப்பு படிக்கிறவன், நீயே எடுத்துக்கோ" என்று குறட்டைத் தூக்கிப் போட்டார். நீதான் எடுத்தாய். கை நடுங்காமல் எடுத்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை கிடைத்ததும் ஓடிவிட்டேன். நீ அவரோடேயே இருந்தாய். ஐம்பது ஆட்களை மேய்த்த பைப் ஃபிட்டிங் ஃபோர்மனான அப்பா ஓய்வுபெற்றதும் உன் கடையில் வந்து உட்கார்ந்தார். ஒருநாள் அங்கே வந்தேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உனக்குக் குட்டி ஸ்க்ரூக்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சின்னவனே, இது சரியா பாரு" என்று கேட்டார். அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. "என்ன, கெஸ்டு வந்திருக்கார்" என்றார்.

எப்படி அவரை வசப்படுத்தினாய்? பதினேழு வயதில் ஒருமுறை அவர் கையை முறுக்கிச் சுவரோடு வைத்து அழுத்தினாயாம், அதற்குப் பிறகு உன் மேல் கை வைத்ததில்லையாம். அம்மா சாகும் முன்னால் சொன்னாள். எனக்கு அந்த வித்தை தெரியவில்லை. நான் வாங்கிக்கொள்ளத்தான் தெரிந்தவன்.

குழுவிடம் என்ன சொல்லப் போகிறாய்? அதை மட்டும் எழுது.

அண்ணன்

ஏப்ரல் 4

அண்ணா,

தோல் பக்கம், கொக்கிப் பக்கம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? பெல்ட்டை ஆணியில் மாட்டிவைக்கும் வேலை என்னுடையது. தினமும் கொக்கியைத் துணியால் சுற்றிக் கட்டிவைப்பேன். அவர் அவிழ்த்துவிடுவார். ஒரு பத்து வயசுப் பயல் வேறு என்ன செய்வான், சொல்.

குழுவிடம் சொல்ல என்ன இருக்கிறது. நான் அடித்தேன், அப்பா செத்தார், வருந்துகிறேன். நலத்துறை அம்மா ஒருவர் வந்து ஒத்திகை பார்க்கிறார். நல்லவர். "எல்லாத்தையும் வரிசையா சொல்லணும் தம்பி, மழுப்பினா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்கிறார். முதல் நான்கை அழகாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் ஒன்று, நெஞ்சில் இரண்டு, விழுந்த பிறகு விலாவில் ஓர் உதை. எலும்பு நறுக்கென்றது காலில் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது, அதில் நடிப்பு இல்லை. அதற்கு அப்புறம் அப்பாவின் இரும்பு ரெஞ்சு. அங்கே வந்ததும் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. "கடைசி அடியப் பத்தி சொல்லுங்க" என்கிறார் அம்மா. நான் கூரையைப் பார்க்கிறேன். கவலைப்படாதே, அதற்குள் மனப்பாடம் செய்துவிடுவேன்.

பாப்பாவுக்கு இப்போது பதின்மூன்று. அவள் படித்து முடித்துத் தன் காலில் நிற்கும்வரை இன்னும் ஐந்தாறு வருஷம். அதுவரை நீ அந்த வீட்டில் இருக்க வேண்டும். நான் இங்கே இருப்பதற்கு அதுதான் அர்த்தம். விட்டால் வருவேன், விடாவிட்டால் இருப்பேன். நீ நடுவில் புகுந்து எதையும் கெடுக்காதே. சின்ன வயசில் நான் சொல்லி நீ கேட்டதே இல்லை, இதையாவது கேள்.

உன் தம்பி

ஏப்ரல் 13

தம்பிக்கு,

பாப்பாவை அடித்துவிட்டேன்.

உன் கட்டுரையை அவள் படித்துவிட்டாள். எழுதியது நீதான் என்று கண்டுபிடித்தும் விட்டாள். நீ சொன்ன அந்த விளையாட்டு இப்போது போனிலேயே வருகிறது. இரண்டு வாரமாக அதுதான். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் திரையைவிட்டுத் தலை தூக்காமல் கேட்டாள். "அப்பா, அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு ஓடினது சித்தப்பாதானே?"

இல்லையம்மா, நான்தான் என்றேன். ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருவதுதானே, நாக்கு தானாகச் சொன்னது.

"இல்லப்பா. சித்தப்பா கை முழுக்க ரத்தம். என் கண்ணுல படாம தன் சட்டைல தொடச்சுக்கிட்டே ஓடினார். நீ அப்புறமாதான் வந்தே."

அப்போதுதான் அடித்தேன். புறங்கையால். மோதிரம் பட்டு உதடு பிளந்து, ரத்தம் தட்டில் சொட்டியது. அவள் அழவில்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அடி வருமா, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்கும் பார்வை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு உள்ளிருந்துதான் தெரியும். வெளியிலிருந்து நேற்றுத்தான் பார்த்தேன்.

உன் அண்ணி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி பாப்பாவின் உதட்டில் வைத்தாள். நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எதற்கு?

அண்ணன்

ஏப்ரல் 23

அண்ணா,

முடிந்துவிட்டது. விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் கண்ணாடி போட்ட ஒருவர், "ரெஞ்சால எத்தனை தடவ அடிச்ச?" என்று கேட்டார். வழக்கு நடந்தபோது டாக்டர் சாட்சியைக் காதில் வாங்காமல், நினைவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை ஏதாவது சொல்லியாக வேண்டும். ரெண்டு சார் என்றேன். அவர் காகிதத்தைப் புரட்டினார். "பிரேதப் பரிசோதனைல அஞ்சுன்னு இருக்கு. இன்னும் கொறச்சுத்தான் சொல்ற, இல்ல?" அவ்வளவுதான். குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்ளாதவன் என்று எழுதிவிட்டார்கள். அடுத்தமுறை மூன்று வருஷம் கழித்து.

அஞ்சா அண்ணா?

சரி, விடு. இதைக் கேட்டுக்கொள். பாப்பா மேல் இன்னொரு தடவை கை வைத்தாய் என்றால், எப்போது வெளியே வந்தாலும் முதல் வேலையாக உன் கையை இரண்டாக ஒடிப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மற்றபடி நீ எங்கேயும் போய் எதையும் சொல்ல வேண்டாம். அப்படி ஏதாவது இங்கே எழுதினாய் என்றால் கிழித்துக் கழிவறையில் போடுவேன். கேட்டால், அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பேன். கூடப்பிறந்தவன் மேல் உள்ள பாசத்தில் உளறுகிறாய் என்று என்னைத்தான் நம்புவார்கள், உன்னை அல்ல.

இனி எழுதாதே.

மே 2

தம்பிக்கு,

ஐந்துதான். எண்ணியவன் நான்.

சிறை அதிகாரிக்கு நேரடியாக எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். 'ஐயா' என்று தொடங்கியதுமே எனக்குள் இருக்கும் புகார்ப் பிரிவு அலுவலர் விழித்துக்கொள்கிறார். 'அடிக்கப்பட்டது', 'நேர்ந்தது', 'நிகழ்ந்துவிட்டது' என்று வாக்கியங்கள் வழுக்குகின்றன. இரண்டு பக்கம் எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் அப்பாவை யாருமே கொல்லவில்லை. உனக்கு எழுதினால்தான் எனக்கு நேராக வருகிறது. ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. அப்பாவின் வீட்டுச் சமையலறைத் தரையில் பாப்பா உட்கார்ந்து உன் பழைய பெட்டியில் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அப்பா ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை. நாலு வயதுக் குழந்தையைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அடுப்பு மேடையில் மோதினார். நெற்றி கிழிந்தது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். முப்பத்தாறு வயது. கால் எழவில்லை. நீதான் பாய்ந்தாய். மூக்கில் ஒன்று, நெஞ்சில் இரண்டு, விலாவில் ஓர் உதை. நீ குழுவிடம் சொன்னது சரி. அதோடு நிறுத்திவிட்டாய். "போதும்ணா, சிவப்புக்கு வந்துட்டார், இனி அடிக்க மாட்டார்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஓடினாய். உயிரை நூலளவு மிச்சம் வைத்துவிட்டு முதுகைக் காட்டிப் போகலாம் என்று உலகத்தில் நீ ஒருவன்தான் நம்புவாய். அப்பாவைப் பொறுத்தவரை நீ நம்பியதும் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பதை நீ கணக்கில் சேர்க்கவில்லை.

நீ போனதும் அவர் கண்ணைத் திறந்தார். மூக்கில் ரத்தம் குமிழி குமிழியாக வந்தது. "சின்னவன் எங்கடா? கூப்பிடு அவன. கோவமா போறான். தப்பு எம்மேலதான்னு சொல்லு" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எத்தனை வருடம் அதற்காகக் காத்திருந்தேன். பள்ளியில் முதலாவதாக வந்தபோது, வேலை கிடைத்தபோது, பாப்பா பிறந்தபோது. என்னிடம் வராத அந்தக் குரல், நாலு அடி அடித்துவிட்டுப் போனவனைத் தேடிக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் அலமாரியிலிருந்து அவருடைய பைப் ரெஞ்சை எடுத்தேன். குழந்தைக்காக என்று ஒன்பது வருடம் எனக்கே சொல்லிவந்தேன். இல்லை. முதல் அடி காதுக்கு மேல். இரண்டாவதைக் கையால் தடுத்தார். கை ஒடிந்து தொங்கியது. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை, நீ போன வாசலைப் பார்த்தார். மூன்றாவதில் கன்னம் உள்ளே போயிற்று. அதோடு முடிந்துவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் செத்தவருக்கு விழுந்தவை.

நீ திரும்பி வந்து பார்த்தாய். என் கையிலிருந்து ரெஞ்சை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் பாப்பாகிட்ட இரு" என்றாய். ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். அவ்வளவு வேகமாக வாழ்க்கையில் வேறு எதையும் செய்ததில்லை. போலீஸ் வந்தபோது தையல்காரம்மா வீட்டு நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தது யார், பிறகு வந்தது யார் என்று அந்தம்மாவை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கேட்டால் சொல்வார்.

என்னைக் காப்பாற்றியதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. நான் செய்த ஒரே காரியத்தையும் நீ உன் பெயரில் எழுதிக்கொண்டாய். நீ அங்கே நிம்மதியாகத் தூங்கினாய், நான் இங்கே நல்லவனாக நடித்தேன். இப்போது என் மகள் என் கை அசையும்போதெல்லாம் தலையைச் சாய்க்கிறாள். உன் அண்ணியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாப்பாவின் அறைக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சரியான காரியம்.

இன்று காலை உங்கள் சிறையின் தபால் ஜன்னலுக்குப் போயிருந்தேன். உன்னைப் பார்க்க அல்ல. அங்கிருந்த பெண்ணிடம், அனுப்புகிறவர் பெயர் இல்லாத கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பேர் இருந்தா மேலோட்டமா பாத்துட்டு முத்திர குத்திக் குடுத்துருவோம் சார். பேர் இல்லன்னா கைதிக்குப் போகாது. கண்காணிப்பாளர் முழுசா படிச்சு, கையெழுத்துப் போட்டு, ஃபைல்ல வைக்கணும். அதுதான் ரூல்" என்றாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

கண்காணிப்பாளர் அவர்களுக்கு: இதைப் படிப்பவர் நீங்கள். மேலே உள்ளது முழுவதும் உண்மை. நான் யார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கடினமாக இராது. இந்தக் கைதிக்கு அண்ணன் ஒருவன்தான். வீட்டில்தான் இருப்பேன்.

தம்பி, பெயர் போட்டால் இது உன் கைக்கு வரும், நீ கிழித்துவிடுவாய். உறையின் மேல் உன் கைதி எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். ஆக, நான் எழுதியதிலேயே நீ படிக்கக் கூடாத கடிதம் இது ஒன்றுதான். அடியில் 'அண்ணன்' என்று எழுதக் கை தானாகப் போகிறது. எழுதப் போவதில்லை. தெருமுனைப் பெட்டியில் பதினொரு மணிக்குத் தபால் எடுப்பார்கள். கையெழுத்துப் போடாமல் இப்படியே கொண்டுபோய்ப் போடப் போகிறேன்.